பன்னிரண்டு போர் துப்பாக்கி போருக்குப் போன கதை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராணுவத்தில் 24 வருடம் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வங்கியில் காவலர் வேலை, தோளில் இரட்டைக்குழல் துப்பாக்கி. நகை திருப்ப வருகிறவர்கள், பென்ஷன் வரிசையில் நிற்கும் பெரியவர்கள், பள்ளிக்கூடம் விட்டு அம்மாவோடு வரும் பிள்ளைகள் என்று தினமும் யாராவது இதைப் பற்றிக் கேட்பார்கள். பாதிப் பேர் இதை வெறும் சத்தம் போடுகிற சாமான் என்று நினைக்கிறார்கள். மீதிப் பேர், ஒரு தடவை சுட்டால் தெருவே காலியாகிவிடும் என்று நம்புகிறார்கள். இரண்டுமே தப்பு. வேட்டைக்காக உண்டான துப்பாக்கி ராணுவத்துக்குள் எப்படிப் போனது, அங்கே எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் தீரும். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

அண்ணாச்சி, இது என்ன துப்பாக்கி? போலீஸ்காரங்க வச்சிருக்கது மாதிரி இல்லையே?

இது ஷாட்கன். காலையில் வேலைக்கு வந்ததும் இதை நடுவில் மடக்கி, குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பேன். உள்ளே கண்ணாடி மாதிரி வழவழவென்று இருக்கும். ஒரு தூசி இருந்தாலும் தெரியும். ராணுவத்தில் நாங்கள் சிந்தி என்று சொல்லும் துணித் துண்டைக் கயிற்றில் மாட்டி இழுத்துத் துடைப்பேன்.

போலீஸ்காரர் கையில் இருக்கும் ரைஃபிளின் குழலுக்குள் பார்த்தால் திருகாணி மாதிரி புரி ஓடும். அந்தப் புரி குண்டைப் பம்பரம் போலச் சுழற்றி விடும். சுழல்கிற குண்டு தடுமாறாமல் வெகுதூரம் போகும். ஷாட்கனில் புரி கிடையாது. ஒரு குண்டுக்குப் பதிலாக ஒரே சமயத்தில் பல ரவைகளை அனுப்புவதுதான் இதன் வேலை.

"12 போர்"னு சொல்லுதாங்களே, பன்னிரண்டு யுத்தத்துல இருந்ததா மாமா?

ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்ட கேள்வி. பெரியவர்களுக்கும் இந்தச் சந்தேகம் இருக்கிறது. இங்கே "போர்" என்பது சண்டை இல்லை. குழலின் உள்வாய் அளவுக்கு இங்கிலீஷில் சொல்லும் வார்த்தை அது.

கணக்கு இப்படி: ஒரு பவுண்டு ஈயத்தை, அதாவது 454 கிராமை, 12 சம உருண்டையாக உருட்டுங்கள். ஓர் உருண்டை எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம் 12 போர் குழல். சுமார் 18.5 மில்லிமீட்டர். 16 உருண்டையாக உருட்டினால் உருண்டை சின்னதாகும், ஆகவே 16 போர் இதைவிடக் குறுகல். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். இந்தக் கணக்கில் வராத ஒன்று .410. அது நேராக அங்குல அளவு.

தோட்டாவுக்குள்ள என்னதான் இருக்கு?

விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கூடு, அடியில் பித்தளைத் தொப்பி. தொப்பியின் நடுவில் இருக்கும் சின்னப் பொட்டில் ஊசி குத்தினால் பொறி பிறக்கும். அதற்கு மேலே மருந்து, மருந்துக்கு மேலே ஒரு அடைப்பு, அடைப்புக்கு மேலே ரவை. வாயைப் பூ இதழ் மடிக்கிற மாதிரி மடித்து மூடியிருப்பார்கள்.

ரவையின் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. பறவைக்கு என்றால் கடுகும் மிளகும் போலச் சின்னச் சின்ன ரவை, நூற்றுக்கணக்கில். மானுக்கு என்றால் பெரிய ரவை. ராணுவத்தில் அதிகம் பயன்பட்டது இந்த மான் ரவைதான். ஒன்று 8.4 மில்லிமீட்டர் குறுக்களவு, தோட்டாவுக்கு ஒன்பது. மூன்றாவது வகை, ரவையே இல்லாமல் ஒற்றைக் குண்டு. ஒரே துப்பாக்கி, தோட்டாவை மாற்றினால் வேறு ஆயுதம். கீழே வரும் பல பதில்களுக்கு இதுதான் அடிப்படை.

கட்டபொம்மன் காலத்துலயே இது இருந்துச்சா?

வழவழக் குழல் இருந்தது. கும்பினிச் சிப்பாய்கள் கையில் இருந்த பிரவுன் பெஸ் துப்பாக்கியின் உள்வாய் சுமார் 19 மில்லிமீட்டர், அதாவது என் தோளில் தொங்குவதும் அதுவும் கிட்டத்தட்ட ஒரே அகலம். பாளையங்கோட்டை அப்போது கும்பினிப் படை தங்கிய கோட்டை. 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட நாளில் சுற்றி நின்ற படை இந்த வகைத் துப்பாக்கியைத்தான் பிடித்திருந்தது. பாளையக்காரர் பக்கம் வல்லயமும் ஈட்டியும் அதிகம், திரி வைத்துச் சுடும் துப்பாக்கியும் உண்டு.

அந்தக் காலத்தில் வழவழக் குழலில் ஒற்றை உருண்டையும் போடலாம், ரவையும் போடலாம். அமெரிக்க விடுதலைப் போரில் வாஷிங்டனின் வீரர்கள் ஓர் உருண்டையோடு சில ரவைகளையும் சேர்த்துக் கெட்டித்துச் சுட்டார்கள். பிறகு புரிக்குழல் பரவியதும் ராணுவங்கள் ரைஃபிளுக்கு மாறின. வழவழக் குழல் வேட்டைக்காரரிடம் தங்கிவிட்டது. அது மறுபடி ராணுவத்துக்குத் திரும்பியதுதான் அடுத்த கேள்வி.

வேட்டைத் துப்பாக்கிய ராணுவத்துக்குன்னு எப்படி மாத்தினாங்க?

இதைக் கேட்டால் எனக்கு நேரம் போவதே தெரியாது. முதல் உலகப் போரில் பிரான்சில் இரண்டு பக்கமும் மண்ணைத் தோண்டிப் பதுங்குகுழிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். குழி குறுகல், நாலு எட்டு வைத்தால் ஒரு வளைவு. வளைவு திரும்பினால் எதிரி கைக்கெட்டும் தூரத்தில். நீளமான ரைஃபிளை அங்கே திருப்பவே இடம் இருக்காது. ஒரு குண்டு சுட்டு, போல்ட்டை இழுத்து அடுத்ததை ஏற்றுவதற்குள் காரியம் முடிந்துவிடும். 1917-இல் போருக்குள் வந்த அமெரிக்கா, தன் நாட்டில் வாத்து வேட்டைக்கு ஓடிக்கொண்டிருந்த வின்செஸ்டர் 1897 என்ற பம்ப் துப்பாக்கியை எடுத்தது. குழலுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியை முன்னும் பின்னும் தள்ளித் தோட்டா ஏற்றுவதுதான் பம்ப்.

செய்த மாற்றம் கொஞ்சம்தான். ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. நீளக் குழலை 20 அங்குலமாகக் குறைத்தார்கள், குழிக்குள் திருப்ப வேண்டுமே. வேட்டைத் துப்பாக்கியில் ரவை சிதறாமல் இருக்கக் குழல் வாயைச் சற்று ஒடுக்கியிருப்பார்கள், அதற்குச் சோக் என்று பெயர். அந்த ஒடுக்கத்தை எடுத்துவிட்டார்கள். முனையில் பயனெட் மாட்டக் கொண்டி வைத்தார்கள். மாட்டியது 17 அங்குல அலகுள்ள கத்தி. பயனெட்டால் குத்தும்போது இடது கை குழலைப் பிடிக்க வேண்டும், ஆனால் தொடர்ந்து சுட்ட குழல் அடுப்பில் கிடந்த கம்பி மாதிரி சுடும். அதனால் குழலுக்கு மேலே ஓட்டை ஓட்டையாகத் துளையிட்ட ஒரு தகட்டு உறை. பார்த்ததும் அந்தத் துப்பாக்கியை அடையாளம் காட்டுவது இந்த உறைதான். அப்புறம் தோளில் மாட்ட வார் வளையம்.

குழலுக்குக் கீழே ஒட்டியிருக்கும் குழாய்க்குள் ஐந்து தோட்டா, குழலின் அடியில் சுடும் அறையில் ஒன்று. விசையைப் பிடித்தபடியே பம்பை முன்னும் பின்னும் தள்ளினால் ஒவ்வொரு தள்ளுக்கும் ஒன்று வெடிக்கும் அமைப்பு அதில் இருந்தது. ஆறு தோட்டாவுக்கு ஒன்பது ஒன்பதாக 54 ரவை, சில விநாடியில். பழுதுபார்க்கிறவன் கண்ணால் பார்த்தால், வேட்டைக்காரர் இருபது வருடமாகத் தேய்த்துச் சரிசெய்த யந்திரத்தை ராணுவம் அப்படியே வாங்கி, கைப்பிடிக்கும் இடத்தையும் முனையையும் மட்டும் தொட்டிருக்கிறது.

வாஞ்சிநாதன் ஆஷைச் சுட்டது இந்த மாதிரித் துப்பாக்கியா?

இல்லை. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் பயன்பட்டது கைத்துப்பாக்கி, பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங். ஆனால் கேள்வி வீண் இல்லை. மேலே சொன்ன வின்செஸ்டர் 1897-ஐ வடிவமைத்தவரும் அதே ஜான் பிரவுனிங்தான். அமெரிக்காவில் பிறந்து, 1926-இல் பெல்ஜியத்தின் லியேஜ் நகரத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது இறந்தவர். ஒரே மனிதரின் மேசையில் வரைந்த இரண்டு ஆயுதங்களில் ஒன்று மணியாச்சி வரைக்கும் வந்திருக்கிறது.

குறியே பார்க்க வேண்டாமாமே? சும்மா சுட்டாலே எதிர்ல நிக்கிற எல்லாரும் விழுந்துருவாங்களாமே?

நான் அதிகம் மறுத்துச் சொன்னது இதைத்தான். ஒடுக்கம் இல்லாத குழலில் ரவை விரிவதற்கு ஒரு நாட்டுக் கணக்கு உண்டு: ஒரு கஜ தூரத்துக்கு ஏறக்குறைய ஓர் அங்குலம். வங்கி வாசலிலிருந்து காசாளர் கூண்டு வரை ஐந்து கஜம் என்றால், ஒன்பது ரவையும் சேர்ந்து ஓர் இட்லி அகலத்துக்குள் போய்ப் படும். பத்து கஜத்தில் ஒரு தோசை. இருபத்தைந்து கஜத்தில்தான் சுளகு அகலம் வரும். இட்லி அகலத்தைக் குறி பார்க்காமல் எப்படி அடிப்பது? குறி தப்பினால் ஒன்பதும் சேர்ந்தே தப்பும்.

தூரம் கூடினால் இன்னொரு ஆபத்து. ஒன்பதில் நாலு குறியில் படும், மீதி ஐந்து எங்கே போகும்? பக்கத்தில் நிற்பவர் மேல். அதனால்தான் ஜனங்கள் நிற்கும் கூடத்தில் இதைத் தூக்குவதற்கு முன் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கச் சொல்லிப் பயிற்சி கொடுக்கிறோம்.

படத்துல சுட்டா ஆளு பத்தடி தள்ளிப் போய் விழுதானே?

கயிறு கட்டி இழுக்கிறார்கள். ஒரு தோட்டாவின் ரவை முப்பது கிராம் சொச்சம். அது எதிரில் நிற்பவரைப் பத்தடி தள்ளும் என்றால், சுடுகிறவரையும் அதே வேகத்தில் பின்னால் தள்ளியிருக்க வேண்டும். சுடுகிறவருக்குத் தோளில் ஓர் இடி விழும், நன்றாக வலிக்கும், அவ்வளவுதான்.

அவ்வளவு நல்லதுன்னா எல்லாச் சிப்பாய்க்கும் ஏன் குடுக்கல?

எட்டும் தூரம். மான் ரவை 35, 40 மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. ஒற்றைக் குண்டு போட்டால் 100 மீட்டர் வரை இழுக்கலாம். நம் நாட்டில் ராணுவத்துக்காகச் செய்த இன்சாஸ் ரைஃபிள் 400 மீட்டர் போகும். குழிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் ராஜா, வெளியே வயல்வெளிக்கு வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சுமையும் ஒரு காரணம். இன்சாஸ் தோட்டா சுமார் 12 கிராம். 12 போர் தோட்டா அதைப்போல நாலு மடங்கு எடை, தடிமனும் அதிகம். ஒரு பையில் எத்தனை போடுவது? தீர்ந்தால் ஒவ்வொன்றாகக் குழாய்க்குள் திணிக்க வேண்டும்.

அப்புறம் ஈரம். முதல் உலகப் போரில் தோட்டாக் கூடு காகிதம். பதுங்குகுழிச் சேற்றில் அது ஊறி உப்பி, அறைக்குள் நுழையாமல் நின்றது. இங்கே ஐப்பசி அடைமழையில் தீப்பெட்டி நமுத்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முழுக்கப் பித்தளையில் கூடு செய்துதான் அதைச் சமாளித்தார்கள். இன்றைய பிளாஸ்டிக் கூடு 1960-களில் பரவியது.

எங்க தாத்தா மலேயா ரப்பர்த் தோட்டத்துல காவலுக்கு இதை வச்சிருந்தாராமே, நெசமா இருக்குமா தம்பி?

இருக்கலாம் அம்மா. 1948 முதல் 1960 வரை மலேயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் சண்டை நடந்தது, அவசரநிலை என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்காவல் படைக்கு அப்போது நிறைய ஷாட்கன் கொடுத்தார்கள். பழகுவது சுலபம், தூரம் போகாது, பறிபோனாலும் ரைஃபிள் பறிபோன அளவு நஷ்டம் இல்லை.

காட்டுக்குள் போன ரோந்துப் படையிலும் முன்னால் நடக்கிறவர் கையில் ஷாட்கன் இருந்தது. நம் களக்காடு, முண்டந்துறை மலைக்குள் நடந்தவர்களுக்குக் காரணம் புரியும். ஈற்றைப் புதருக்குள் பத்தடிக்கு அப்பால் நிற்பது யானையா பாறையா என்றே தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் 400 மீட்டர் எட்டும் ரைஃபிளால் என்ன லாபம்? பின்னால் வியட்நாமிலும் அமெரிக்கர்கள் இதே காரணத்துக்காக இதைத் தூக்கினார்கள்.

ஜெர்மனிக்காரன் இதை எதிர்த்துப் புகார் குடுத்தானாமே? நச்சுப்புகை விட்டவனுக்கு அது என்ன நியாயம்?

1918 செப்டம்பர் 19-இல் சுவிட்சர்லாந்து வழியாக ஜெர்மனி அந்தப் புகாரை அனுப்பியது. 1907 ஹேக் உடன்படிக்கையின் 23-ஆம் பிரிவு, தேவைக்கு மீறிய வேதனை தரும் ஆயுதங்களைத் தடுக்கிறது, ஷாட்கன் அதில் சேரும் என்பது வாதம். ஷாட்கனோடு பிடிபடும் அமெரிக்கருக்கு மரண தண்டனை என்றும் மிரட்டியது. அமெரிக்க வெளியுறவு அமைச்சர் லான்சிங் மறுத்துப் பதில் அனுப்பினார். கைதிகளைக் கொன்றால் பதிலடி உண்டு என்றும் சொன்னார். நவம்பர் 11-இல் போரே நின்றது.

நச்சுப்புகையை 1915-இல் பெல்ஜியத்தின் ஈப்ரு போர்க்களத்தில் பெரிய அளவில் விட்டவர்கள் வேதனையைப் பற்றிப் பேசியது பொருத்தமில்லை என்று நீங்கள் சொல்வது சரி. ஆனால் கேட்டவர் யார் என்பதால் கேள்வி தப்பாகிவிடாது. இதற்கு முன்பே, 1899-இல், உடம்புக்குள் போய் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று ஒரு ஹேக் பிரகடனம் வந்தது. அதற்குக் காரணமான குண்டு பிறந்தது நம் நாட்டில், கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில். அமெரிக்கா அந்தப் பிரகடனத்தில் சேரவில்லை. பீரங்கிக் குண்டு வெடித்துச் சிதறும் சிதறலை ஏற்றுக்கொண்டவர்கள் ஒன்பது ரவையை மட்டும் எதிர்ப்பது ஏன் என்பது அமெரிக்கா வைத்த வாதம். அந்த வாதத்தில் பலம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ஷாட்கனைப் பெயர் சொல்லித் தடுக்கும் உடன்படிக்கை இன்றுவரை இல்லை.

சின்ன ரவைதானே, கூட்டத்தைக் கலைக்க இதுதானே நல்லது? உசுரு போவாதே?

இந்தக் கேள்விக்கு மட்டும் நான் உட்கார வைத்துப் பதில் சொல்வேன். காஷ்மீரில் 2010 முதல் கூட்டத்தைக் கலைக்கப் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியில் சின்ன ரவையைப் போட்டுச் சுட்டார்கள். உயிர்ச்சேதம் குறையும் என்ற எண்ணம்தான். 2016-இல் அங்கே கண்ணில் ரவை பாய்ந்து பார்வை இழந்த பிள்ளைகளின் படங்கள் நாடெங்கும் வந்தன.

தோட்டாவைப் பற்றிச் சொன்னதை மறுபடி பாருங்கள். சின்ன ரவை என்றால் நூற்றுக்கணக்கில். ஐம்பது மீட்டர் தள்ளி நிற்பவர் மேல் படும்போது சட்டையைத் தாண்டி ஆழமாகப் போகாது, ஆனால் கண்ணுக்குச் சட்டை கிடையாதே. கிட்டத்தில் சுட்டால் அதே சின்ன ரவை விரியாமல் ஒரே கட்டியாகப் போய் உயிரையும் எடுக்கும். யார் மேல் படும், எங்கே படும் என்று சுடுகிறவர் கையில் இல்லாத ஒன்றை மென்மையான ஆயுதம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

கடையம் பக்கம் எங்க வயல்ல பன்னி வந்து கிழங்கெல்லாம் தோண்டிப் போடுது. ஒரு நாட்டுத் துப்பாக்கி வச்சுக்கிட்டா என்ன அண்ணாச்சி?

வேண்டாம் அண்ணாச்சி. உங்கள் நஷ்டம் எனக்குத் தெரியும், ஒரே ராத்திரியில் ஆறு மாத உழைப்பு போய்விடும். ஆனாலும் வேண்டாம். நாட்டுத் துப்பாக்கியின் குழல் எந்தச் சோதனையும் பார்க்காத குழாய். அதில் கரிமருந்தும் பால்ரஸ் குண்டும் கெட்டித்து வெடிக்கும்போது குழல் எந்தப் பக்கம் பிளக்கும் என்று அதைச் செய்தவருக்கே தெரியாது. இருட்டில் புதர் அசைந்தது பன்றி என்று நினைத்து ஆளைச் சுட்ட செய்தி எத்தனை படித்திருக்கிறோம். வனத்துறையில் பயிர்ச்சேத மனு கொடுங்கள், எழுத நான் கூட வருகிறேன்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். உரிமத் துப்பாக்கியின் குழலை அறுத்துக் குட்டையாக்குவதும் குற்றம். ராணுவம் 20 அங்குலமாக்கியது என்று மேலே படித்துவிட்டு யாரும் கை வைக்க வேண்டாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்துக்கொள்ளவும் முடியாது.

இப்ப ராணுவத்துல யாரு இதை வச்சிருக்காங்க?

1999-இல் அமெரிக்கா இத்தாலியின் பெனெல்லி எம்4 துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து எம்1014 என்று பெயர் வைத்தது. பம்ப் தள்ள வேண்டாம், தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும். ரஷ்யர்கள் கலாஷ்னிகோவ் அமைப்பிலேயே சைகா என்று ஒன்று செய்தார்கள். நம் எல்லைப் பாதுகாப்புப் படை வங்கதேச எல்லையில் பம்ப் ஆக்‌ஷன் வைத்திருக்கிறது.

இன்னொரு வேலை கதவு உடைப்பது. உலோகத் தூளை அழுத்திச் செய்த குண்டு ஒன்று உண்டு. கீலில் பட்டதும் கீலை உடைத்துவிட்டுத் தானும் பொடியாகிவிடும், உள்ளே இருப்பவரைப் போய்த் தாக்கும் ஆபத்து குறைவு. வீடு வீடாகப் புகுந்து தேடும் படைக்கு இது பெரிய உதவி.

ட்ரோன் காலத்துல இனிமே இதுக்கு என்ன வேலை? மியூசியத்துலதானே வைக்கணும்?

காலேஜ் லீவுக்கு வந்த பையன் கேட்டான். நடப்பது நேர்மாறு. 2022-இல் தொடங்கிய உக்ரைன் போரில் வெடிகுண்டைச் சுமந்து ஆளைத் துரத்தும் சின்ன ட்ரோன்கள் வந்ததும், இரண்டு பக்கத்து வீரர்களும் 12 போர் ஷாட்கனைத் தேடி எடுத்தார்கள். பறக்கிற சின்னப் பொருளை ஒற்றைக் குண்டால் அடிப்பது கஷ்டம். பறக்கும் வாத்தை அடிக்கத்தானே இந்தத் துப்பாக்கியே உண்டானது. மான் ரவையை வைத்துவிட்டு மறுபடி பறவை ரவைக்குப் போயிருக்கிறார்கள். (கூந்தன்குளத்துக்காரர்கள் பதற வேண்டாம், உங்கள் பறவைகள் பக்கம் யாரும் வரவில்லை.)

இதற்கும் முன்மாதிரி உண்டு. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானங்களின் துப்பாக்கி வீரர்களுக்கு முதல் பாடமே ஷாட்கன்தான். களிமண் தட்டை வானில் எறிவார்கள். தட்டு இருக்கும் இடத்தில் சுடாமல், அது போய்ச் சேரப்போகும் இடத்தில் சுடப் பழக வேண்டும்.

ட்ரோனிலும் அதே பாடம்தான், நேரம்தான் குறைவு. சுற்றிச் சுற்றி வரும் ட்ரோன் பாயும்போது விநாடிக்கு இருபது, இருபத்தைந்து மீட்டர் வரும். ரவை நம்பிக்கையாக எட்டுவது முப்பது, நாற்பது மீட்டர். ஆக, சத்தம் கேட்டுத் துப்பாக்கியைத் தோளில் வைத்த பிறகு கையில் இருப்பது ஒன்றரை விநாடி. முதல் தோட்டா தப்பினால் இரண்டாவதற்கு நேரம் உண்டு. மூன்றாவதற்கு இல்லை.